பூஞ்சை ஏன் சிலரை மட்டும் விடாமல் பிடிக்கிறது? ஒரே வீடு, ஒரே சோப்பு, ஒருத்தருக்கு மட்டும் வண்டுகடி

#1 ஐந்துரோடு_பார்மசி

ஒரே வீட்டில் ஐந்து பேர். ஒரே போர் தண்ணி, ஒரே சோப்பு, எல்லார் துணியும் ஒரே வாஷிங் மெஷினில். நாலு பேருக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவது ஆளுக்கு மட்டும் வருஷத்துக்கு மூணு தடவை தொடை இடுக்கில் படர்தாமரை, நம்ம ஊர் பேச்சில் வண்டுகடி. கேட்டால் எல்லாரும் சொல்வது ஒரே பதில்: "எதிர்ப்பு சக்தி கம்மிங்க". கையோடு ஒரு டப்பா சத்து மாத்திரையும் விற்றுவிடுகிறது.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி? ஆராய்ச்சி என்ன சொல்கிறது? லேப், ஆஸ்பத்திரி, கடை என்று எந்தப் பக்கம் இருப்பவரும் எழுதலாம். வேப்பிலை மஞ்சள் பதிவுகள் மட்டும் வேண்டாம். அதற்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடிவிட்டது.

#2 குகை_லேப்

"எதிர்ப்பு சக்தி கம்மி" என்பது "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மெக்கானிக்கிடம் சொல்கிற மாதிரி. பெட்ரோலா, பிளக்கா, பேட்டரியா என்று யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு பூஞ்சைக்கும் உடம்பில் காவல் வேறு வேறு. நாக்கில் வெள்ளையாக கேண்டிடா படிந்து படிந்து வந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஐஎல்-17 என்ற பாதையைப் பார்க்கணும். நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸ் என்றால் சிடி4 என்ற இன்னொரு வெள்ளை அணுவின் எண்ணிக்கை. மூக்கு, கண், மேலண்ணம் என்று கருப்புப் பூஞ்சை போனால் சர்க்கரையும் இரும்பும். தொடை இடுக்கு வண்டுகடியா, பெரும்பாலும் இதில் எதுவுமே இல்லை. தோல், வியர்வை, துணி, அப்புறம் கடையில் வாங்கிய ட்யூப்.

அதனால் முதல் கேள்வி "சக்தி எவ்வளவு" கிடையாது. எந்தப் பூஞ்சை, எந்த இடம். இந்த இரண்டும் தெரியாமல் மேலே பேசுவது வீண்.

#3 மரபணுப்பித்தன்

லேப் அண்ணா சொன்னதற்கு ஒரு அடித்தளம் போடுகிறேன்.

உலகத்தில் பூஞ்சை இனங்கள் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-இல் ஒரு மதிப்பீடு வந்தது. மனிதனுக்கு நோய் தருபவை சில நூறுதான். மற்றவை ஏன் நம்மைத் தொடுவதில்லை? முக்கியமான காரணம் நம் சூடு. 2009-இல் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்த கணக்கைப் பார்த்தார்கள். 30 டிகிரியிலிருந்து 40 வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 6 சதவீத வகைகள் தாக்குப்பிடிக்க முடியாமல் கழன்றுகொண்டன. 37-இல் நிற்கும் உடம்பு பெரும்பாலான பூஞ்சைக்கு அடுப்பு.

தோலின் மேற்பரப்பு அப்படி இல்லை, 32, 33 டிகிரிதான். வண்டுகடிப் பூஞ்சை செத்த தோலின் கெரட்டினைத் தின்றுகொண்டு மேலேயே உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். எல்லாருடைய தோலிலும் பூஞ்சை வந்து விழுகிறது. யார் தோலில் அது குடியேறுகிறது என்பதுதான் கேள்வி.

குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரை நல்ல உதாரணம். பருவ வயது தாண்டினால் பெரும்பாலும் வருவதில்லை. அந்த வயதில் தலையில் எண்ணெய்ச் சுரப்பி வேலை தொடங்குகிறது, அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பூஞ்சையை அடக்குகின்றன. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பையனுக்கு வந்து வாத்தியாருக்கு வராததில் "சக்தி" எங்கே வந்தது?

#4 தோல்மருத்துவர்_சேலம்

நம் ஊர் வண்டுகடிக்கு வருவோம். சுமார் பத்து வருஷமாக இந்தியா முழுக்க படர்தாமரையின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற வகைதான் அதிகம். ஒரு வட்டம், இரண்டு வட்டம், மூன்று வாரத்தில் போய்விடும். இப்போது வருவது வயிறு, முதுகு, முகம் என்று பரவுகிறது, வீட்டில் அடுத்தவருக்கும் ஒட்டுகிறது, மாத்திரைக்கும் அசைவதில்லை. இந்த வகைக்கு 2020-இல் டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

டெர்பினஃபின் மாத்திரை, பூஞ்சை தன் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பைக் காய்ச்சும் ஒரு நொதியை அடைக்கிறது. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்பது அதன் பெயர். புதிய வகையில் பலவற்றில் அந்த நொதியின் 393 அல்லது 397-ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. மருந்து போய் உட்கார இடம் இல்லை. "எனக்கு மட்டும் ஏன் போகல" என்று கேட்பவரிடம் பாதி நேரம் குறை உடம்பில் இல்லை, பூஞ்சையிடம்தான்.

மீதிப் பாதி நேரம் ட்யூபில் இருக்கிறது. க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக், எல்லாம் கலந்த வெள்ளை க்ரீம். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் நிறுத்திவிடும். அரிப்பும் சிவப்பும் உடம்பு பூஞ்சையோடு சண்டை போடும் சத்தம். சத்தம் நின்றதும் ஆள் நிறுத்திவிடுகிறார், பூஞ்சை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் வட்டம் வட்டமாக இல்லாமல், ஓரம் மங்கி, வட்டத்துக்குள் வட்டமாக, எது என்றே தெரியாத உருவத்தில் வரும். தொடர்ந்து போட்டால் தொடையில் தோல் மெலிந்து வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு போகவே போகாது.

#5 ஐந்துரோடு_பார்மசி

டாக்டரம்மா சொன்ன ட்யூப் பழி முழுக்க எங்கள் தலையில் விழுவது நியாயம்தான், ஆனால் பாதி. 2018-இலேயே 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை ஹெச் பட்டியலில் போட்டு சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றாகிவிட்டது. "அந்த வெள்ளை ட்யூப் குடுங்க, போன தடவை நல்லா கேட்டுச்சு" என்று காலி ட்யூபை நீட்டுகிறவரை அனுப்பி வைத்தால் அடுத்த கடை இருக்கிறது.

ஆனால் சீட்டோடு வருபவர்களிடமும் ஒரு தப்பு நடக்கிறது, அதை இங்கே எழுதி வைக்கிறேன். டெர்பினஃபின் கேட்காதவருக்கு இட்ராகனசோல் கேப்சூல் எழுதுகிறார்கள். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நம் ஊரில் எந்தச் சீட்டு எழுதினாலும் கூடவே அமிலம் குறைக்க ஒரு பான்டோபிரசோல் வந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், அரை மணி கழித்து இரண்டு இட்லியோடு இட்ராகனசோல். மருந்தில் பெரும்பகுதி ரத்தத்துக்கே போகாது. ஒரு மாதம் தின்றும் போகவில்லை என்று "எதிர்ப்பு சக்தி" கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கேப்சூல் என்றால் மதியச் சாப்பாடு முழுசாகச் சாப்பிட்ட கையோடு விழுங்கணும். அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தவிர்க்க முடியுமா என்று எழுதிய டாக்டரிடம் கேட்கணும். பான்டோபிரசோலோடு டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் என்றால் இட்ராகனசோலோடு சேரவே கூடாது, இதயத்துடிப்பு தடம் புரளும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் கூடாது. இதயம் பலவீனம் என்று ஏற்கெனவே சொல்லியிருப்பவருக்கு இட்ராகனசோலே வேறு யோசனை.

#6 தறிக்குழி

அம்மாபேட்டை பக்கம் தறிக்காரர்கள் கேட்கிறார்கள், பூச்சு மருந்து எவ்வளவு, எத்தனை நாள்?

#7 தோல்மருத்துவர்_சேலம்

ட்யூபைப் பிதுக்கி ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு. அது சுமார் அரை கிராம். விரல்களும் சேர்த்து இரண்டு கை அளவு இடத்துக்குப் போதும். வட்டத்தின் நடுவில் மட்டும் தேய்க்காதீர்கள். பூஞ்சை உயிரோடு ஓடிக்கொண்டிருப்பது ஓரத்தில். ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் பூசணும், வெளியிலிருந்து உள்ளே. தடிப்பு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடரணும். பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வாரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

#8 அஸ்தம்பட்டி_வாசகர்

"எந்தப் பூஞ்சை, எந்த இடம்" என்கிறீர்கள். வாசலில் நின்று பார்த்து எப்படிச் சொல்வது? கேஓஎச் டெஸ்ட் (தோலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) எடுத்தால் நெகட்டிவ் என்றுதான் பல சமயம் வருகிறது. அப்புறம் என்ன நம்பிக்கை?

#9 குகை_லேப்

கேஓஎச் நெகட்டிவ் வருவதில் பெரும்பகுதி சுரண்டிய கையின் தப்பு. சின்ன லேப் வைத்திருப்பவர்களுக்காக நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நோயாளியிடம் கேளுங்கள், என்ன பூசினீர்கள் என்று. பூஞ்சை க்ரீம் போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் நிறுத்தி வரச் சொல்வது நல்லது. பவுடர் போட்டிருந்தால் சுரண்டலில் மாவு மாவாக வந்து கண்ணை மறைக்கும். 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து முழுசாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் சுரண்டினால் செதில் பிளேடிலேயே ஒட்டிக்கொள்ளும்.

15-ஆம் நம்பர் பிளேடு. வட்டத்தின் ஓரம், செதில் எழும்பி நிற்கும் இடம். பிளேடைத் தோலுக்கு நேர்செங்குத்தாகப் பிடித்து வெளிப்பக்கமாக இழுக்கணும். ரத்தம் வந்தால் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். கீழே கறுப்புத் தாள். வெள்ளைத் தாளில் எவ்வளவு விழுந்தது என்றே தெரியாது. கறுப்பில் மாக்கோலப் பொடி மாதிரி தெரியும். மடித்து அனுப்பவும் தாளே நல்லது. பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் தேங்கி பாக்டீரியா மேய்ந்துவிடும்.

தோலுக்கு 10 சதவீத கேஓஎச். ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப், 10 முதல் 20 நிமிடம் பொறுக்கணும். நகம் என்றால் 20-லிருந்து 40 சதவீதம், சில மணி நேரம், தடித்த நகத்தை ராத்திரி முழுக்க ஈரத் துணி போட்ட பெட்டியில் வைப்பார்கள். அவசரத்துக்கு ஸ்லைடைச் சுடரில் காட்டலாம், ஆனால் கொதிக்கவிட்டால் கேஓஎச் படிகமாகி ஸ்லைடு முழுக்க ஊசி ஊசியாக நிற்கும். அதைப் பார்த்து பூஞ்சை இழை என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் உண்டு.

மைக்ரோஸ்கோப்பில் 10 மடங்கு லென்ஸில் தேடி 40-இல் உறுதி செய்யணும். கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் இழை கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். உண்மையான இழை ஒரே தடிமனாக, குறுக்குச் சுவரோடு, தோல் செல்களின் எல்லையை மதிக்காமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், கிளை விடும். செல்லின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வளைந்தால் அது பூஞ்சை இல்லை, செல் எல்லையில் கொழுப்பு தேங்கிய சித்திரம்.

தேமல் மட்டும் வேறு மாதிரி. மலசீசியா குட்டை இழையும் உருண்டையும் கலந்து கிடக்கும். புத்தகத்தில் என்ன உவமை போட்டாலும் நம் ஊரில் பாயாசத்து சேமியாவும் ஜவ்வரிசியும் என்றால் ஒரு தடவையிலேயே புரியும். தேமல் பூஞ்சை எல்லார் தோலிலும் இருக்கிறது, வெளியிலிருந்து வருவதில்லை. மருந்தால் அது அடங்கினாலும் வெளுத்த நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். நிறம் வராததால் மருந்து கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி பூசுகிறார்கள்.

கல்ச்சர் (பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது) வைத்தால் இரண்டு ட்யூப். இரண்டும் சபுரோட் அகார் என்ற வளர்ப்புக் கூழ், பாக்டீரியாவை அடக்கும் குளோராம்ஃபெனிகால் இரண்டிலும். ஒன்றில் மட்டும் சைக்ளோஹெக்சிமைடு. அது குப்பைப் பூஞ்சையை அடக்கும், ஆனால் சில உண்மையான நோய்ப் பூஞ்சையையும் கொன்றுவிடும், அதனால்தான் இரண்டு. வெப்பம் 25-லிருந்து 30 டிகிரி. சித்திரையில் நம் ஊர் அறை வெப்பத்தை "ரூம் டெம்பரேச்சர்" என்று நம்பி அலமாரியில் வைத்தால் ஒன்றும் வளராது, குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் வேண்டும். நாலு வாரம் பார்க்காமல் நெகட்டிவ் எழுதக் கூடாது.

#10 தறிக்குழி

கால் விரல் இடுக்குச் சேற்றுப்புண்? சேகோ ஆலையில் மாவுப்பால் தொட்டியில் நிற்கிறவர்களுக்கு நிறைய.

#11 குகை_லேப்

அதில் பாதி பூஞ்சையே இல்லை. உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் இருட்டறையில் பாருங்கள். பவளச் சிவப்பாக மின்னினால் கோரினிபாக்டீரியம், அது பாக்டீரியா. பூஞ்சை மருந்து வருஷம் முழுக்கப் பூசினாலும் வேலை செய்வது சந்தேகம்.

கொலுசுப் பட்டறையில் பூந்திக்கொட்டைத் தண்ணியில் கை விடுகிறவர்களுக்கு வரும் நகச்சுற்றும் இப்படித்தான். நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய தோல்வளையம் நனைந்து நனைந்து கரைந்து போகிறது. அந்தச் சந்தில் சோப்பும் தண்ணியும் இறங்குகிறது, பின்னால்தான் கேண்டிடா வருகிறது. கேண்டிடாவைக் கொன்றாலும் சந்து திறந்தே இருக்கிறது. உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. வெறும் ரப்பர் போட்டால் வியர்வையில் ஊறி இன்னும் மோசம்.

#12 மரபணுப்பித்தன்

இப்போது ஆராய்ச்சிப் பக்கம். யாருக்கெல்லாம் உண்மையாகவே உடம்பில் ஒரு கண்ணி குறைகிறது?

2009-இல் ஈரானில் ஒரு பெரிய குடும்பம். உறவுக்குள் கல்யாணம் நிறைய. பலருக்குக் கேண்டிடா திரும்பத் திரும்ப, சிலருக்கு மூளை வரை போய் உயிரே போனது. கார்ட்9 என்ற மரபணு இரண்டு பிரதியிலும் உடைந்திருந்தது. பூஞ்சையின் சுவரில் பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் செல்லில் டெக்டின்-1 என்ற கை அதைத் தொட்டு உணர்கிறது. தொட்ட செய்தியை உள்ளே கடத்தும் கம்பிதான் கார்ட்9. கம்பி அறுந்தால் மணி அடிக்காது.

வியப்பு என்னவென்றால், கார்ட்9 இல்லாதவர்கள் பாக்டீரியாவையும் வைரஸையும் சாதாரணமாகவே சமாளிக்கிறார்கள். அம்மை, சளி, காய்ச்சல் எல்லாம் நம்மைப் போலத்தான். ஓட்டை பூஞ்சைக்கு மட்டும். "பொதுவாக எதிர்ப்பு சக்தி கம்மி" என்ற பேச்சு உடைந்த இடம் இது.

2013-இல் அடுத்தது. அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியாவில் 8 குடும்பங்களில் 17 பேர். அவர்களுக்குச் சாதாரண வண்டுகடிப் பூஞ்சையே தோலைத் துளைத்து நிணநீர்க் கட்டி வரை இறங்கியிருந்தது. எல்லாரிடமும் அதே கார்ட்9. மேலே உட்கார வேண்டிய பூஞ்சை உள்ளே இறங்குகிறது என்றால் அப்போது ஜீனைத் தேடுங்கள்.

டெக்டின்-1 கையின் நுனி வெட்டுப்பட்டு வேலை செய்யாத ஒரு டச்சுக் குடும்பமும் 2009-இல்தான் வெளிவந்தது. அவர்களுக்கு வந்தது நகச்சொத்தையும் பெண்ணுறுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேண்டிடாவும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து இல்லை. கை போனாலும் வேறு கைகள் இருக்கின்றன, கம்பி போனால்தான் சிக்கல்.

வாயிலும் நகத்திலும் சின்ன வயதிலிருந்தே கேண்டிடா விடாதவர்களுக்குப் பெரும்பாலும் ஐஎல்-17 பாதையில் குறை. 2011-இல் பாரிஸில் காசனோவா குழு ஐஎல்-17எஃப், அதன் ஏற்பி இரண்டிலும் பிழை கண்டது. அதே ஆண்டு ஸ்டாட்1 மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தாலும் இதே நோய் வருவது தெரிந்தது. இங்கே ஒரு பிரதி கெட்டாலே போதும், அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பாதிக்குப் பாதி வாய்ப்பில் வரும்.

சொரியாசிஸுக்கு ஐஎல்-17-ஐ அடைக்கும் ஊசி போடுகிறார்கள் அல்லவா, அவர்களில் சிலருக்கு வாயில் கேண்டிடா வருகிறது. ஜீன் ஆராய்ச்சி சொன்னதை மருந்து தன் பங்குக்கு நிரூபித்துவிட்டது.

#13 தோல்மருத்துவர்_சேலம்

ஏஐஆர்ஈ மரபணு நோயை விட்டுவிட்டீர்கள். கேண்டிடா, பாராதைராய்டு, அட்ரினல் மூன்றும் சேர்ந்து கெடும் நோய். உடம்பு தன் ஐஎல்-17-க்கு எதிராகவே ஆன்டிபாடி செய்கிறது என்று 2010-இல் நிரூபித்துவிட்டார்களே.

#14 மரபணுப்பித்தன்

வேண்டுமென்றே விட்டேன் டாக்டர், ஏனென்றால் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்-இல் லியோனாகிஸ் குழு 2021-இல் சொன்னது வேறு. வாயில் ஐஎல்-17 வேலை செய்தாலும் அங்கே வரும் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சண்டைச் செய்தியை அளவுக்கு மீறிச் சுரந்து தோல்படலத்தையே கிழிக்கின்றன, கேண்டிடா அந்தக் கிழிசலில் ஏறுகிறது என்று. அதாவது சிலருக்குப் பூஞ்சை வருவது சண்டை குறைந்ததால் இல்லை, தப்பான சண்டை கூடியதால். இப்படிப்பட்டவருக்கு "சக்தி ஏற்றும்" மாத்திரை கொடுப்பதில் என்ன அர்த்தம் இருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

#15 அஸ்தம்பட்டி_வாசகர்

நம் பக்கம் அக்கா மகள், அத்தை மகன் கல்யாணம் சாதாரணம். அப்படியென்றால் நாம் எல்லாரும் கார்ட்9 பார்க்கணுமா?

#16 மரபணுப்பித்தன்

வேண்டாம். தொடை இடுக்கு வண்டுகடிக்கு ஜீன் டெஸ்ட் காசைத் தண்ணியில் போடுவது. தேட வேண்டிய இடங்கள் வேறு: சர்க்கரையும் ஹெச்ஐவியும் இல்லாத ஆளுக்கு மூளையில் அல்லது ஆழத் தசையில் பூஞ்சை, ஆறு மாதம் தாண்டியும் குழந்தையை விடாத வாய்ப்படலம் (வாயில் வரும் கேண்டிடா), நிணநீர்க் கட்டியில் வண்டுகடிப் பூஞ்சை, அண்ணன் தம்பியில் ஒருவர் சின்ன வயதிலேயே தொற்றில் போயிருப்பது. அதற்கு முன்னால் சர்க்கரை, ஹெச்ஐவி, ஆஸ்துமா பஃப் போட்டு வாய் கொப்பளிக்காமல் விடுவது, மூட்டுவலிக்கு என்று வாங்கித் தின்னும் பெயர் தெரியாத பொட்டல மாத்திரை. பஃப் எடுத்தவர் தண்ணியில் கொப்பளித்துத் துப்பினால் பாதி "எதிர்ப்பு சக்தி" பிரச்சினை தீர்ந்துவிடும்.

#17 சேர்வராயன்_காபி

ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி, ஒரு தகவல். காபிப் பழத்தோல் குவியலைக் கிளறும்போது கிளம்பும் புகை மாதிரிப் பொடி முழுக்க ஆஸ்பர்ஜில்லஸ் விதை என்கிறார்கள். ஒரே குவியலை எட்டுப் பேர் கிளறுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் நிமோனியா வந்தால் என்ன பொருள்?

தகவல்: முள் குத்தி வரும் ஆணிக்கால் மாதிரிப் புண்ணை எல்லாம் மதுரைக்கால் என்று சொல்லிவிடக் கூடாது. 1842-இல் மதுரையில் விவரித்ததால் அந்தப் பெயர். வீக்கம், பல துளை, துளையிலிருந்து மணல்மாதிரி குருணை, மூன்றும் வேண்டும். குருணை கறுப்பு என்றால் பூஞ்சை. வெள்ளை என்றால் பூஞ்சையாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம், மருந்து முற்றிலும் வேறு. கட்டை அவிழ்த்துத் துணியில் ஒட்டிய குருணையை அப்படியே லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

#18 மரபணுப்பித்தன்

முதல் கேள்விக்கு. எட்டுப் பேரும் அதே விதையைத்தான் இழுத்தார்கள். ஏழு பேருக்கு நியூட்ரோஃபில் விதையைச் சுற்றிக்கொண்டு ஆக்சிஜன் தீப்பொறியால் எரித்துவிடும். எட்டாவது ஆளுக்கு அந்தத் தீப்பெட்டி நனைந்திருக்கலாம். க்ரானிக் கிரானுலோமட்டஸ் நோய், சிஜிடி என்பார்கள். இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் பேருக்கு ஒருவர். பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழி, அதனால் ஆண் பிள்ளைகள். மட்கிய இலை, உரக்குழி, குவியல் கிளறிய பத்து நாளுக்குள் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகும். இவர்களுக்குப் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும், அழற்சியே கொன்றுவிடும் என்பதால்.

மதுரைக்காலிலும் இதே கதை. சூடானில் அந்தக் கிராமங்களில் நோயில்லாதவர்களிடமும் பூஞ்சைக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. எல்லார் காலிலும் முள் குத்தியிருக்கிறது. நோய் வந்தவர்களிடம் நியூட்ரோஃபிலை அழைத்து இயக்கும் ஜீன்களில் சின்ன வித்தியாசங்கள் கூடுதலாகத் தெரிந்தன, 2007-இல் வந்த ஆய்வு.

சிஜிடி பார்க்க டிஎச்ஆர் டெஸ்ட், நியூட்ரோஃபிலில் அந்தத் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை.

#19 குகை_லேப்

டிஎச்ஆர் சேலத்திலிருந்து வெளியூர் அனுப்புவதில் கெடுவதுதான் அதிகம். ஹெப்பாரின் ட்யூப், பச்சை மூடி. ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது. ரத்தம் என்றாலே ஐஸ் என்று கை பழகிவிட்டது, இங்கே குளிரில் நியூட்ரோஃபில் செத்து எல்லாருக்கும் நோய் என்று வரும். அறை வெப்பத்தில், பஸ் எஞ்சின் மேல் இல்லாமல், 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேரணும். திங்கள், செவ்வாய் எடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தால் சனி ஞாயிறு தூங்கும்.

கூடவே, அதே நேரம், அதே மாதிரி ட்யூபில் நலமான ஒருவரின் ரத்தமும் பயணம் செய்ய வேண்டும். உறவில்லாத ஆள். வழியில் வெயிலில் கெட்டால் இரண்டும் சேர்ந்து கெடும், லேப் கண்டுபிடித்துவிடும். அம்மாவின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எக்ஸ் வழி நோயில் அம்மாவின் வரைபடத்தில் ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடு வரும், நல்ல செல் ஒன்று, கெட்ட செல் ஒன்று.

#20 ஐந்துரோடு_பார்மசி

2021 கருப்புப் பூஞ்சை? கோவிட் லட்சக்கணக்கானவருக்கு வந்தது, இது சிலருக்குத்தானே வந்தது.

#21 தோல்மருத்துவர்_சேலம்

சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமானால், இரும்பைக் கட்டிவைத்திருக்கும் டிரான்ஸ்ஃபெரின் பிடி தளரும். மியூக்கருக்கு, அதாவது கருப்புப் பூஞ்சைக்கு, இரும்பு வேண்டும். மேலும் அதிக சர்க்கரையும் இரும்பும் ரத்தக்குழாய் உட்சுவரில் ஜிஆர்பி78 என்ற புரதத்தை அதிகமாக்கும். பூஞ்சையின் மேல் உள்ள கோட்எச் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. இதற்கு மேல் கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு. ஒரு பக்க முகவலி, கன்னம் மரத்துப்போவது, மேல்பல் ஆட்டம், இரட்டைப் பார்வை. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மேலண்ணத்தில் கறுப்பு தெரியும்வரை காத்திருந்தால் கத்தி பெரிதாகும்.

#22 குகை_லேப்

திசு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வரி. இரண்டு பாட்டில்: ஒன்று ஃபார்மலின், ஒன்று வெறும் சலைன். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு கல்ச்சர் கேட்டால் செத்ததை எப்படி வளர்ப்பது? சலைன் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். லேபில் திசுவை அரைக்காதீர்கள். மியூக்கர் இழைக்குக் குறுக்குச் சுவர் மிக அரிது, ஒரு இடத்தில் நசுங்கினால் முழு இழையும் வடிந்து சாகும். கத்தரியால் சிறு துண்டாக நறுக்கி அகாரில் அழுத்தி வையுங்கள். கேஓஎச்சில் அகலமான நாடா மாதிரி, கிட்டத்தட்ட செங்கோணத்தில் கிளை விடுவதைப் பார்த்ததும் கல்ச்சருக்குக் காத்திருக்காமல் போனில் டாக்டரைக் கூப்பிடணும்.

#23 தறிக்குழி

எல்லாம் சரிங்க. ஜீனும் இல்லை, சர்க்கரையும் இல்லை, மாத்திரையும் ஒழுங்காத் தின்னாச்சு. #1-இல் சொன்ன ஐந்தாவது ஆளுக்கு மறுபடி வருதே, இடுப்பைச் சுற்றி ஒரே கோடா?

#24 தோல்மருத்துவர்_சேலம்

இடுப்பைச் சுற்றிக் கோடாக என்றால் அரைஞாண் கயிற்றைக் கேளுங்கள். கறுப்பு நூல் கயிறு வருஷக்கணக்கில் வியர்வையில் ஊறி, பூஞ்சை விதை அதிலேயே தங்கும். மாத்திரை தோலைச் சுத்தம் செய்கிறது, கயிறு மறுபடி விதைக்கிறது. அறுத்துப் போட மனசில்லாதவர்கள் வெள்ளியில் மாற்றிக்கொள்ளலாம். சேலத்தில் வெள்ளிக்குப் பஞ்சமா?

துணிக்கு: அவருடைய உள்ளாடை, துண்டு, பெட்ஷீட் தனியாக, 60 டிகிரி வெந்நீரில். மெஷினில் சுடுதண்ணி வசதி இல்லையென்றால் பக்கெட்டில் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறவைத்து அப்புறம் மெஷின். உள்பக்கம் வெளியே திருப்பி நேர் வெயிலில். தையல் மடிப்பில் இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிடம் அழுத்துங்கள்.

#25 சேர்வராயன்_காபி

நேர் வெயில் உங்களுக்குச் சரி. இங்கே ஐப்பசியில் மூணு நாள் ஆனாலும் ஜீன்ஸ் காயாது, ஈரத்தோடவே போட்டுட்டு வேலைக்குப் போறாங்க.

#26 தோல்மருத்துவர்_சேலம்

அப்போது ஜீன்ஸை விட்டுவிட்டு வேட்டி, லுங்கி, மெல்லிய பருத்தி பைஜாமா. மூன்று செட் இருக்கணும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று அடுப்படி மச்சில். பெட்டியில் கரி போட்ட இஸ்திரி ஏற்காட்டில் இன்னும் கிடைக்கும் அல்லவா, உள்ளாடையையும் சேர்த்துக் கொடுக்க வெட்கப்பட வேண்டாம்.